பாதிப் பாட்டை நம்மிடம் விட்டுவைத்தவர்

எலா ஜென்கின்ஸ் 2024 நவம்பர் 9 அன்று சிகாகோவில் காலமானார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம்தான் அவருக்கு 100 வயது நிறைந்திருந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் குழந்தை இசையின் முதல் பெண்மணி என்று வழக்கம்போல அழைத்து, விருதுகளை வரிசையாகச் சொல்லி, நல்ல அஞ்சலிகளை எழுதின. தமிழில் அவரைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. பாட்டு என்ற ஒன்றின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததே அவர் குரலால்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

குழந்தைகளுக்குப் பாடியவர் என்று மட்டும் சொன்னால் அவரைப் பற்றிச் சரியாகச் சொன்னதாகாது. அவர் ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் குழந்தைகள் பின்பாட்டுப் பாட வேண்டும். பின்பாட்டு வந்த பிறகுதான் அடுத்த வரி. சில பாட்டில் அவர் பாடியதையே திருப்பிப் பாட வேண்டும். சில பாட்டில் அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிலவற்றில் வாயால் ஒன்றும் வேண்டாம், கையைத் தட்டினால் போதும். இசைத்தட்டிலேயே ஒரு குழந்தைக் கூட்டம் அவருக்குப் பதில் பாடிக்கொண்டிருக்கும். ஆனாலும் கேட்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அந்த இடைவெளி நம்மையும் இழுத்துவிடும். தன் பாட்டில் பாதியை அவர் வேண்டுமென்றே காலியாக விட்டுவைத்தார். மிச்சப் பாதி எதிரே உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தையுடையது. நான் சொல்ல வந்தது முழுக்க இந்தப் பாதியைப் பற்றித்தான்.

அவர் பிறந்தது 1924இல், மிசௌரி மாநிலத்தின் செயிண்ட் லூயிஸ் நகரில். வளர்ந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களையும் அங்கிருந்த கொடுமைகளையும் விட்டுக் கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்கு ரயிலேறிய காலம் அது. 1910களில் தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் அப்படி இடம்பெயர்ந்தார்கள். சிகாகோவுக்கு வந்தவர்கள் நினைத்த இடத்தில் குடியேறிவிட முடியாது. கறுப்பர்களுக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம் என்று பல பகுதிகளில் வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். எலா பிறந்த அதே செயிண்ட் லூயிஸிலிருந்து போன வழக்கு அது. அதுவரை தெற்குப் பகுதியின் குறுகலான ஒரு பட்டைக்குள்தான் அத்தனை குடும்பங்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன.

எலாவின் வீட்டார் அந்தப் பகுதிக்குள்ளேயே அடிக்கடி வீடு மாறினார்கள். ஒவ்வொரு தெருவிலும் கயிறு தாண்டும்போது பாட ஒரு பாட்டு, கைதட்டி ஆட ஒரு பாட்டு. வீடு மாறும்போதெல்லாம் அந்தச் சிறுமிக்குப் புதுப் பாட்டுகள் கிடைத்தன. மிஸ் மேரி மேக் என்ற கைதட்டுப் பாட்டை இன்று அமெரிக்காவில் தெரியாத குழந்தையே கிடையாது. அந்த மாதிரிப் பாட்டுகளை நடைபாதையிலேயே கேட்டு வளர்ந்த ஒருவர் தட்டில் பாடும்போது தாளம் எவ்வளவு உறுதியாக விழுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் அங்கிள் ஃப்ளட். இயற்பெயர் ஃபிளாய்ட் ஜான்சன். மவுத் ஆர்கன் வாசிப்பார், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை கேட்பார், இரண்டையும் அந்தச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டார். எலா கடைசிவரை மவுத் ஆர்கனைக் கைவிடவில்லை. இன்னொரு கையில் சின்ன கிடார் போன்ற உக்குலேலே. முறையாக இசை படித்தவரில்லை. தேவாலயங்களிலிருந்து கசிந்துவந்த காஸ்பெல் பாட்டும், தெருவும், அங்கிள் ஃப்ளட்டின் மவுத் ஆர்கனும்தான் அவருடைய குருகுலம்.

இந்தப் பின்பாட்டு ஆசையை எலாவுக்கு மூட்டியவர் கேப் காலோவே. 1930களின் பெரிய ஜாஸ் நட்சத்திரம். 1931இல் வந்த மின்னி த மூச்சர் பாட்டில் 'ஹை-டி-ஹை' என்று அவர் ஒரு குரல் விடுவார், வாத்தியக்காரர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள், பிறகு அரங்கமே திருப்பிச் சொல்லும். போகப் போக அவர் விடுவது நீண்டு, வேகமெடுத்து, நாக்கு சுழலாத அளவுக்குச் சிக்கலாகிவிடும். கூட்டம் தடுமாறும், சிரிக்கும், மறுபடி முயலும். காலோவே இதை மேடை வித்தையாகச் செய்தார். ஆனால் அந்த முறை அவருக்கு வெகு காலம் முந்தியது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் தங்களோடு கொண்டுவந்தது அது. பருத்தி வயலில் முன்னால் ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பின்னால் எல்லோரும் பாடியது, தண்டவாளம் போடும் கூட்டம் ஒரே நேரத்தில் கடப்பாறையை நெம்பப் பாடியது, எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் தேவாலயத்தில் ஒருவர் வரி வரியாகச் சொல்லச் சபை பின்தொடர்ந்தது, எல்லாம் இந்த முறைதான். எலா இதை எடுத்து நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் கொண்டுபோனார். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காமல் கொண்டுபோனார் என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள பெரிய மரியாதை.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் சமூகவியலில் பட்டம் வாங்கினார். அங்கே கூடத் தங்கியிருந்த யூதப் பெண்களிடமிருந்து அவர்களுடைய பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். சிகாகோவுக்குத் திரும்பி ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்ற பெண்கள் சங்கத்தில் பதின்வயதினருக்கான நிகழ்ச்சிகளை நடத்தும் வேலை. அதைப் பார்த்துச் சிகாகோவின் பொதுத் தொலைக்காட்சி அவரைக் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு அழைத்தது. 'இதுதான் தாளம்' என்று பொருள்படும் பெயரில் அவர் பகுதி 1956இல் ஒளிபரப்பானது. அதே ஆண்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இறங்கினார். குழந்தைகளுக்குப் பாடுவதே பிழைப்பு என்று ஒரு கறுப்பினப் பெண் 1956இல் முடிவெடுத்தது சாதாரண தைரியமில்லை.

அடுத்து வருகிறவர் மோசஸ் ஆஷ். வார்சாவில் பிறந்தவர், யூதர்களின் இட்டிஷ் மொழி எழுத்தாளர் ஷோலம் ஆஷின் மகன், 1948இல் நியூயார்க்கில் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். நாட்டார் பாட்டு, பறவைகளின் குரல், ரயில் சத்தம், கவிஞர்கள் தங்கள் கவிதையை வாசிப்பது என்று இரண்டாயிரத்துக்கும் மேல் தட்டுகள் போட்டார். ஒன்றைக்கூட விற்பனையிலிருந்து எடுக்கவில்லை. குறைவாகப் புழங்குகிறது என்பதற்காக அகராதியிலிருந்து ஓர் எழுத்தை யாராவது எடுத்துவிடுவார்களா என்பது அவருடைய வாதம். எலா தன் ஒலிநாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1957இல் முதல் தட்டு வந்தது. தலைப்பிலேயே இது பின்பாட்டு முறையில் கூட்டமாகப் பாடுவது என்று சொல்லிவிடும் தட்டு. அதன் பிறகு ஏறக்குறைய 40 தட்டுகள். ஆஷ் 1986இல் இறந்த பிறகு ஃபோக்வேஸ் முழுவதையும் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் நிறுவனம் வாங்கியது. எல்லாத் தட்டுகளும் எப்போதும் கிடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை. 1957ஆம் ஆண்டுத் தட்டை நாம் இன்றைக்கும் காசு கொடுத்து வாங்க முடிவதற்கு அதுதான் காரணம்.

என் கதைக்கு வருகிறேன். 1979இல் நாங்கள் கும்பகோணத்திலிருந்து சிகாகோவின் புறநகர் ஒன்றுக்கு வந்தோம். எனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும், அம்மாவுக்குக் கொஞ்சம் தெரியும், எனக்கு ஒன்றுமே தெரியாது. பள்ளியில் என்னைச் சேர்த்தது குளிர்காலத்தின் நட்ட நடுவில். மற்றவர்கள் பேசும்போது உதடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை, ஆனால் என்னிடமிருந்து ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கேள்வி என் பக்கம் வந்தால் ஆசிரியை சிரித்துவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அது அவருடைய கருணை. எனக்கு அது ஒரு சுவர்.

அந்த வகுப்பில் கனமான கறுப்பு அட்டை உறைக்குள் இருந்த ஒரு தட்டை அவ்வப்போது போடுவார்கள். ஃபோக்வேஸ் உறைகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும், உள்ளே பாட்டு வரிகளும் விளக்கமும் அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும் வரும். அதில் என் பசுவுக்குத் தீனி போட்டாயா என்று தொடங்கும் ஒரு பாட்டு. எலா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் 'எஸ் மேம்' என்று கத்துவார்கள். தீனி போட்டாயா? எஸ் மேம். எப்படிப் போட்டாய் என்று சொல்வாயா? எஸ் மேம். கேள்வி எனக்குப் புரியவில்லை. ஆனால் கேள்வி முடியும் இடம் புரிந்தது, குரல் மேலே போய் நிற்கிற இடம். சொல்ல வேண்டிய பதில் இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லும் என்னிடம் இருந்தன. நானும் கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சரியான இடத்தில் சரியான பதிலைச் சொன்ன ஒருத்தி, அவ்வளவுதான். அந்த நாட்டில் நான் முதலில் சொன்ன பதில் அது.

அந்தப் பாட்டை இப்போது பெரியவளாகக் கேட்கும்போது அதன் கட்டுமானத்தைப் பார்த்து வியப்பாக இருக்கிறது. இரண்டு கேள்விக்கு ஒரே பதில். மூன்றாவது கேள்வி வேறு மாதிரி, அதற்கு வேறு பதில்: என்ன போட்டாய் என்றால் சோளமும் வைக்கோலும், எப்படிக் கறந்தாய் என்றால் பால் பீய்ச்சும் சத்தம். அப்புறம் பசுவுக்கு நோய் வருகிறது. உண்ணி பிடிக்கிறது. பசு செத்துப்போகிறது, எப்படிச் செத்தது என்பதற்கு ஒரு முனகல். கடைசியில் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து எலும்பைக் கொத்துகின்றன, எப்படி வந்தன என்பதற்குச் சிறகடிக்கும் சத்தம். மழலையர் வகுப்பில் இந்தச் சாவைப் பிள்ளைகள் உற்சாகமாகப் பாடுவார்கள். எலா எதையும் மென்மையாக்கவில்லை, கழுகுகளை நீக்கவில்லை. இது அவர் எழுதிய பாட்டும் இல்லை. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் டேலி என்பவர் கறுப்பின மக்களின் நாட்டார் பாட்டுகளைத் தொகுத்து 1922இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதிலேயே இந்தப் பசு இருக்கிறது. கேட்பவள் யார், 'எஸ் மேம்' என்று பணிந்து பதில் சொல்கிறவர்கள் யார், மாடு யாருடையது, அது செத்துப்போனால் யார் தலையில் விடியும் என்பதையெல்லாம் யோசித்தால் பாட்டுக்குள் ஒரு முழுச் சரித்திரம் தெரிகிறது. ஆறு வயதில் அது தெரிய வேண்டியதில்லை. அந்தச் சரித்திரத்தின் தாளம் உடம்பில் இறங்கினால் போதும், மீதியைப் பிற்பாடு தேடிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் தேடினேன்.

அந்தத் தட்டுக்குப் பெயர் தந்த பாட்டையும் சொல்ல வேண்டும். தட்டு 1966இல் வந்தது. நீ ஒரு பாட்டுப் பாடு, நான் ஒரு பாட்டுப் பாடுகிறேன், நாம் சேர்ந்து பாடுவோம் என்பதுதான் அதன் சாரம். எலாவே எழுதியது. இசையமைப்பு மிகச் சின்னது, குரல் ஏறி இறங்கும் தூரமும் குழந்தையின் தொண்டைக்கு எட்டுகிற அளவுதான். அடுத்தடுத்த சுற்றுகளில் பாடுவதற்குப் பதிலாக முனகலாம், விசிலடிக்கலாம். வார்த்தை வராத குழந்தைக்கும் அங்கே வேலை இருக்கிறது. இந்தத் தட்டில் எலாவுக்குப் பதில் பாடுகிறவர்கள் சிகாகோவின் ஒரு சிறுவர் குழு. பெரிய பயிற்சியோடு மெருகேற்றிய குரல்கள் இல்லை. ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். அதனாலேயே கேட்கிற பிள்ளைக்கு நாமும் சேரலாம் என்று தோன்றும்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுதோறும் 25 ஒலிப்பதிவுகளைத் தேசியச் சொத்து என்று தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கிறது. 2007ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தத் தட்டு இடம்பெற்றது. அதே பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லரும் இருந்தது. ஒரு உக்குலேலே, ஒரு மவுத் ஆர்கன், சில குழந்தைகள், பக்கத்தில் த்ரில்லர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது முற்றிலும் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

என் பிடிவாதத்தால் அப்பா அந்தத் தட்டை வாங்கிக் கொடுத்தார். ஊரிலிருந்து பாட்டி எங்களோடு தங்க வந்திருந்தபோது ஒருநாள் அது ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. காய் நறுக்கிக்கொண்டே கேட்டவர் கத்தியை வைத்துவிட்டு, "யாருடி இது? நம்ம ஊர்ல நடவு நடறப்ப பாடற மாதிரியே இருக்கே!" என்றார். தஞ்சை மாவட்டத்து நடவு வயலில் ஒரு பெண் எடுத்துக்கொடுக்க, வரிசையாகக் குனிந்து நடும் பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அது எப்படி இருக்கும் என்று பாட்டி அன்றைக்குப் பாடிக் காட்டினார். எனக்குப் பின்பாட்டுக் கொடுக்க வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாட்டி நிறுத்திய இடத்தில் நான் எடுத்துக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அத்தனை வருஷத்தில் பாட்டி பாடி அம்மா கேட்டதே இல்லையாம்.

அதன் பிறகு எனக்குப் பாட்டு நின்றதே இல்லை. பொது நூலகத்தில் தட்டுகளை இரவல் தருவார்கள். எலாவின் தட்டுகளில் வந்த பெயர்கள், அவரைப் பற்றிய குறிப்புகளில் வந்த பெயர்கள் என்று ஒன்றைப் பிடித்து இன்னொன்றுக்குப் போனேன். பிக் பில் ப்ரூன்ஸி, ஓடெட்டா, லெட்பெல்லி, மஹாலியா ஜாக்சன் என்று கறுப்பினப் பாடகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1960இல் சிகாகோவின் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவோடு எலா ஒரு தட்டு போட்டிருக்கிறார். குழந்தைத் தட்டு என்று நினைத்து எடுத்தால் அதில் பெரியவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடுகிறார்கள். அதிலிருந்து காஸ்பெல். காஸ்பெலிலிருந்து சோல் இசை. ஒரு கதவு திறந்தால் உள்ளே இன்னொரு கதவு.

நம் சங்கீதமும் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது என்றால் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். வீட்டில் அப்பா கர்நாடக சங்கீதக் கேசட் போடுவார், எனக்கு அது பெரியவர்களின் சமாசாரம். 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குச் சிகாகோவிலிருந்து காரில் குடும்பத்தோடு போகிற வழக்கம் எங்களைப் போன்ற பலருக்கு உண்டு. அங்கே ஒரு கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். மிருதங்கம் ஒரு நீண்ட சொற்கட்டை வாசித்து நிறுத்தியது. கடம் பதில் சொன்னது. மிருதங்கம் அதையே கொஞ்சம் சுருக்கி வாசித்தது, கடமும் சுருக்கிப் பதில் சொன்னது. முழு ஆவர்த்தனம் பாதியாகி, பாதி காலாகி, கடைசியில் இரண்டும் ஒன்றன் வாயிலிருந்து ஒன்று பிடுங்குவதுபோல் வந்து, ஒன்றாகச் சேர்ந்து மோரா என்ற முத்தாய்ப்பு வைத்து முடித்தன. குறைப்பு என்று அப்பா காதில் சொன்னார். பெயர்தான் எனக்குப் புதிது. பதில் எங்கே விழ வேண்டும் என்பது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து கச்சேரி என்னுடையதாயிற்று. ஒரு பஜனை மடத்தில் நாமசங்கீர்த்தனம் நடக்கும்போதும் பாகவதர் எடுத்துக்கொடுத்து நிறுத்துகிற அந்த ஒரு நொடிக்காகவே நான் போய் உட்காருகிறேன்.

எலாவை நான் நேரில் பார்த்ததில்லை. குரல்தான் எனக்குத் தெரியும். பெரிய குரல் இல்லை அது. தாழ்ந்த சுருதி, அவசரமே கிடையாது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழும். குழந்தைகளிடம் பேசும்போது பலருக்கும் தானாக வந்துவிடுகிற கொஞ்சல் அதில் துளியும் இல்லை. பெரியவர்களிடம் பேசுகிற அதே தோரணையில் அவர் குழந்தைகளிடம் பேசினார். ஒரு வாத்தியத்தை வாசிக்கும் முன் இது இன்னது, இப்படிச் சத்தம் வரும் என்று சொல்வார். வேற்று மொழிப் பாட்டு என்றால் அது எந்த மக்களுடையது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். ஏழு கண்டங்களுக்கும் போய்ப் பாடியவர் அவர், அண்டார்டிகாவையும் சேர்த்து. கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து சுவாஹிலி வணக்கச் சொல்லைத் தலைப்பாக வைத்து 1974இல் ஒரு தட்டு வந்தது. போன இடத்துப் பிள்ளைகளிடமிருந்து ஒரு பாட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஊர்ப் பிள்ளைகளிடம் கொடுப்பது அவர் வாழ்நாள் வேலையாக இருந்தது. 1995இல் பல மொழிக் குழந்தைப் பாட்டுகளைச் சேர்த்து வந்த தொகுப்பு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸின் மிகப் பிரபலமான வெளியீடாக நெடுங்காலம் இருந்தது. லெட்பெல்லி, உட்டி கத்ரி, பீட் சீகர் போன்ற பெரிய நாட்டார் பாடகர்கள் இருக்கும் நிறுவனத்தில் அதிகம் விற்ற கலைஞர் எலா ஜென்கின்ஸ்தான்.

ஆனால் அந்த மென்மையான குரல் எந்தச் சாலை வழியாக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் அவர் ஊர் ஊராகப் பள்ளிக்கூட அரங்குகளில் பாடிக்கொண்டு போனார். பகலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கைதட்ட வைத்த பெண், பயணத்தில் நிறவெறியையும் சந்தித்துக்கொண்டுதான் போனார். குழந்தைகளுக்கென்றே அடிமைக்கால ஆன்மிகப் பாட்டுகளையும் விடுதலைப் பாட்டுகளையும் சேர்த்து ஒரு முழுத் தட்டும் போட்டார். யார் பாடினாலும் பதில் சொல்கிற குரல்கள் சமமான எடையோடு கேட்கும் ஒரு முறையை அவர் அந்தக் காலத்தில் அந்த அரங்குகளுக்குள் கொண்டுபோனதை நான் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டேன். 2004இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள், 2017இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது. இன்னும் முன்னாலேயே கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் மட்டுமில்லை, எங்கேயும் குழந்தைகளுக்காகப் பாடுகிறவரைக் கலைஞர் என்று ஒப்புக்கொள்ள உலகம் ரொம்ப யோசிக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. கைபேசியில் அவர்கள் பார்க்கிற குழந்தைப் பாட்டு வீடியோக்களை நானும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வண்ணம் பிரமாதம், இசையும் மோசமில்லை. ஆனால் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துவைத்திருக்கிறார்கள். ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி, நடுவே ஒரு விலங்கு, ஒரு வெடிச் சிரிப்பு. பிள்ளை நுழைய ஓர் இடைவெளி கிடையாது. வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறது, பாடுவதில்லை. குழந்தைகளுக்குப் பாட்டுச் செய்கிற நம் கலைஞர்கள் யாராவது இதைப் படித்தால், ஒவ்வொரு பாட்டிலும் நாலு விநாடி வெற்றிடத்தை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நாலு விநாடிக்குப் பயப்பட வேண்டாம்.

வகுப்பில் நான் செய்வது அதுதான். படகுக்காரர்களின் ஏலேலோவை எடுத்துக்கொண்டு நான் ஒரு வரி, அவர்கள் ஐலசா. ஐலசா சொல்லத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எப்போது சொல்வது என்று தெரிந்தால் போதும். சில வாரங்களில் ஒரு பிள்ளை எழுந்து, நான் ஏலேலோ சொல்கிறேன் நீங்கள் ஐலசா சொல்லுங்கள் என்று கேட்கும். எலாவும் பிள்ளைகளை முன்னால் நிற்கவைத்து எடுத்துக்கொடுக்கச் சொல்வதை மிகவும் மதித்தார். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த நான் முயல்வதில்லை. அவர்கள் ஓரத்தில் உட்கார்ந்து வெறுமனே தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதுவும் பதில்தான்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: இணையத்தில் எல்லாத் தட்டுகளும் கிடைக்கின்றன. 1966ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து தொடங்குங்கள், பசுப் பாட்டு அதில்தான் இருக்கிறது. அப்புறம் 1957ஆம் ஆண்டின் முதல் தட்டு. அது இன்னும் முரட்டுத்தனமானது, பெரும்பாலும் குரலும் தாளமும் மட்டும்தான், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தேவாலயக் குழுவோடு பாடிய 1960ஆம் ஆண்டுத் தட்டைப் பெரியவர்கள் தனியாகக் கேட்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 1968ஆம் ஆண்டுத் தட்டைப் போடுங்கள். ஃபிரான்ஸ் ஜாக்சனின் ஜாஸ் குழு எலாவோடு வாசிக்கிறது, வாத்தியங்களை எடுத்து நீங்களும் வாசியுங்கள் என்று பாட்டே கூப்பிடும். போடுவதற்கு முன்னால் இரண்டு டம்ளர், ஒரு சாப்பாட்டுத் தட்டு, அரிசி போட்டு மூடிய ஒரு டப்பா என்று ஏதாவது கையெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். பாட்டுப் பாதியில் பிள்ளைகள் எழுந்து சமையலறைக்கு ஓடினால் திரும்பி வருவதற்குள் அவர்கள் முறை போய்விடும்.